பாறசாலையில் வாங்கலாம், களியக்காவிளையில் கூடாது: பணம் வைத்து ஆடும் வழிகளும் சட்டமும்

தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, கேரளத்தின் இஞ்சிவிளை, பாறசாலைப் பக்கம் போனதும் சாலையோரம் லாட்டரித் தட்டிகள் தொடங்கிவிடும். அங்கே கேரள அரசின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் பகிரங்கமாக விற்கும் அதே சீட்டை, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் வைத்து விற்றால் போலீஸ் வழக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அதனாலேயே செல்போனில் ஆடும் ரம்மிக்கும் இதே கணக்கைப் போடுகிறார்கள்: "இங்க கூடாதுன்னா அங்க போய் ஆடினா போச்சு." இந்தக் கணக்கு காகிதச் சீட்டுக்கு மட்டுமே பொருந்தும். போனில் நடக்கும் எதற்கும் பொருந்தாது.

காரணம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34வது இனம். அரசு நடத்தும் லாட்டரி மட்டும் அதிலிருந்து பிரிந்து, மத்தியப் பட்டியலில் 40வது இனமாக இருக்கிறது. அதன்படி வந்ததுதான் 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம். அது ஒரு மாநிலத்துக்கு லாட்டரி நடத்த வழி விடுகிறது. பக்கத்து மாநிலத்துக்கு, 5வது பிரிவின் வழியே, அந்தச் சீட்டைத் தன் மண்ணில் தடுக்கவும் அதிகாரம் தருகிறது. தமிழ்நாடு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் தடை செய்தது. கேரளம் 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கலை நடத்தி, இன்றுவரை நிறுத்தவில்லை.

இந்த மாவட்டத்தில் ஒருவர் கண்முன் வரும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். "பிடிபடுவோமா" என்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும். "ஜெயித்தால் அந்தப் பணத்தை யாரிடம் உரிமையோடு கேட்க முடியும்" என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும்.

எல்லை தாண்டி வாங்கும் காகிதச் சீட்டு

கேரளத்துக்குள் போய், அங்கீகாரம் பெற்ற கடையில், முகத்துக்கு முகம் பணம் கொடுத்து வாங்கும் சீட்டு சட்டப்படி செல்லும். வாங்குபவர் கேரளத்துக்காரராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கேரள அரசின் 2023 ஓணம் பம்பர் லாட்டரியின் முதல் பரிசான 25 கோடி, கோவையை ஒட்டிய கேரள எல்லை ஊரான வாளையாரில் வாங்கிய சீட்டுக்குத்தான் விழுந்தது, வென்றவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அதோடு ஒரு தலைவலியும் வந்தது. அந்தச் சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று புகார் போனது. பெரிய பரிசோடு போய் நின்றால் "எங்கே, எப்போது வாங்கினீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும் பாடம். வாங்கிய கடையின் பெயர், ஊர், தேதி மூன்றையும் அன்றைக்கே போனில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அன்று போன பஸ் டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சீட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை, பின்பக்கம் திருப்பி அங்கே விட்டிருக்கும் இடத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுவது. கையெழுத்து இல்லாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையது. பரிசு விழுந்த பிறகு "நான்தான் வாங்கினேன்" என்று இரண்டு பேர் நிற்கும் சண்டைகளில் பல இந்த ஒரு கையெழுத்து இல்லாததால் வருபவை. அடுத்தது மடிப்பு. பர்ஸில் நாலாக மடித்து வேர்வையில் ஊறிய சீட்டில் பார்கோடு அழிந்துபோனால் சரிபார்ப்பில் சிக்கல். சட்டைப் பையில் வைத்தபடி துவைத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது.

குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் பரிசைக் கேட்டுச் சீட்டை ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரையான பரிசை லாட்டரிக் கடையிலேயே வாங்கிவிடலாம். அதற்கு மேல் போனால் லாட்டரி அலுவலகம். பெரிய தொகை என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள இயக்குநரகம். ஆதார், பான், புகைப்படம், சீட்டின் இரு பக்க நகல், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது ஆகியவை தயாராக இருக்க வேண்டும். வெளிமாநிலக்காரர் என்றால் ஆவணங்களில் நோட்டரி சான்றும் கேட்பார்கள். பான் அட்டையிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறு வேறாக இருப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். 30 நாளில் அதைத் திருத்தி முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிடும்.

வரியில் ஏமாந்து போகிறவர்கள் நிறைய. 1 கோடி பரிசு, அதில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் என்று கொண்டால் மிச்சம் 90 லட்சம். இதில் 30 சதவீதம், அதாவது 27 லட்சம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 63 லட்சம் கணக்கில் விழும். வரி கட்டியாயிற்று என்று வீட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரி மீது 10 சதவீதம் சர்சார்ஜ் (கூடுதல் வரி) உண்டு: 2 லட்சத்து 70 ஆயிரம். அதையும் சேர்த்த 29 லட்சத்து 70 ஆயிரத்தின் மீது 4 சதவீதம் செஸ்: 1 லட்சத்து 18 ஆயிரத்து 800. இரண்டும் பரிசில் பிடிக்கப்படுவதில்லை. பரிசு வாங்கியவர்தான் தனியாகக் கட்ட வேண்டும். ஆக இன்னும் 3 லட்சத்து 88 ஆயிரத்து 800 ரூபாய் பாக்கி. தாமதித்தால் அதற்கும் வட்டி. முந்தைய வருடங்களில் தோற்ற சீட்டுகளின் செலவை இதில் கழிக்க முடியாது. அடிப்படை வரிவிலக்கு வரம்பும் இந்த வருமானத்துக்குக் கிடையாது.

வார லாட்டரிச் சீட்டு ஒன்று 50 ரூபாய் என்றால், தினம் ஒன்று வாங்குபவருக்கு ஆண்டுக்கு 18,250 ரூபாய் ஆகிறது. ஒரு குலுக்கலுக்கு ஒரு கோடிக்கு மேல் சீட்டு அச்சாகும்போது முதல் பரிசுக்கான வாய்ப்பு கோடியில் ஒன்று கூட இல்லை. சட்டம் துணை நிற்கிறது, கணக்கு நிற்கவில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலிலேயே, ஜெயித்த பணத்தை ஓர் அரசிடம் ரசீதோடு கேட்டு வாங்கக் கூடிய வழி இது ஒன்றுதான்.

அதே சீட்டு, இந்தப் பக்கம் வந்தால்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ரகசியமாக விற்கும் கேரளச் சீட்டை வாங்குபவர், "விற்றவனுக்குத்தானே கேஸ்" என்று நினைக்கிறார். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7வது பிரிவு விற்பவர், வினியோகிப்பவர், வாங்குபவர் மூன்று பேரையும் ஒரே வரியில் சொல்கிறது: இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பனச்சமூடு மாதிரி எல்லையை ஒட்டிய சந்திப்புகளில் இது வேடிக்கையாகவே தோன்றும். ஆனாலும் கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வாட்ஸ்அப்பில் "பம்பர் டிக்கெட் வீட்டுக்கு அனுப்புவோம், ஜிபே பண்ணுங்க" என்று வருவது இதைவிட மோசம். கேரள லாட்டரி காகிதத்தில் மட்டும்தான் விற்கப்படுகிறது. ஆன்லைன் விற்பனை என்று ஒன்றே கிடையாது. அனுப்புவது ஒரு போட்டோ. அதே சீட்டின் போட்டோ எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் "உங்களுக்கு 5 லட்சம் விழுந்திருக்கிறது, வரியை முன்கூட்டியே கட்டுங்கள்" என்று அடுத்த செய்தி வரும். உண்மையான பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முன்பணமாகக் கேட்கும் அரசு லாட்டரி உலகத்தில் இல்லை.

மூணு நம்பர் லாட்டரியில் சீட்டே இல்லை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுவது. மதியம் 3 மணிக் குலுக்கல் முடிவு வந்ததும் கணக்குத் தீர்ப்பது. மூன்று எண் பொருந்தும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. கட்டிய ஒரு ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய் தராதவரை லாபம் நடத்துபவருக்குத்தான். ஆயிரம் தருபவர் எவரும் இதை நடத்தப்போவதில்லை. துண்டுக் காகிதத்தில் கிறுக்கிய எண்தான் ஆதாரம். ஜெயித்தவருக்குப் பணம் தர மறுத்தால் கேட்க வழியில்லை. நடத்துபவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 297வது பிரிவு பாயும். கும்பலாகச் சேர்ந்து நடத்தினால் 112வது பிரிவு, ஒன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

ரம்மி, ஃபேன்டசி ஆப்கள்

இதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வருடத்தில் சரியாகச் சொன்னவர்கள்தான்.

தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்தது. கேரளம் 2021 பிப்ரவரி 23இல் பணம் வைத்த ஆன்லைன் ரம்மிக்குத் தடை அறிவிப்பு வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3இல் தமிழ்நாட்டுத் தடையை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றம் செப்டம்பர் 27இல்தான் அங்குள்ள தடையை நீக்கியது. அதாவது முதல் மூன்று மாதம் பாறசாலைக்குப் போய் ஆடியவர் தப்பித்தார். பிறகு இரண்டு பக்கமும் தடை. கடைசி எட்டு வாரம் அங்கிருந்து களியக்காவிளைக்கு வந்து ஆட வேண்டிய நிலை. இப்படி மாறி மாறி வந்ததால்தான் "எல்லை தாண்டினால் போதும்" என்ற எண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு மறுபடியும் சட்டம் கொண்டுவந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக இருந்தன. 2023 நவம்பர் 9இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1968லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதுதான் அடிப்படை. ஆக அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கு ஆன்லைன் தடை நிலைத்தது. திறமை ஆட்டங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் நிலைத்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாடுகள் வந்தன: 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் ஓடிபியோடு சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றையும் ஏற்றது.

இரண்டே மாதத்தில் இதெல்லாம் பின்னால் போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதத்தையே ஓரம் கட்டிவிட்டது. பணம் கட்டி, பணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டமும் கூடாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கிக்கும் பேமென்ட் நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டு, ஒரு கோடி. ட்ரீம்11 (நிஜ வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி அமைக்கும் ஃபேன்டசி ஆப்), எம்பிஎல் போன்ற பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. இதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. இதைப் படித்துவிட்டு "ஆடுறவனுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்பவர்கள் மாநிலச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆன்லைனில் அதிர்ஷ்ட ஆட்டம் ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். களியக்காவிளையில் உட்கார்ந்திருக்கும்போது போன் கேரள டவரைப் பிடித்து "கேரளத்துக்கு வரவேற்கிறோம்" என்று செய்தி வந்தாலும், ஆள் இருப்பது தமிழ்நாட்டில். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டாலும் அப்படியே.

வெளிநாட்டு பெட்டிங் தளங்கள்

பெரிய ஆப்கள் போன இடத்தில் இவை வந்து உட்கார்ந்திருக்கின்றன. கலர் ட்ரேடிங் (எந்த நிறம் வரும் என்று பணம் கட்டுவது), விமானம் பறந்து வெடிக்கும் ஆட்டம், பந்துக்குப் பந்து கிரிக்கெட் பெட்டிங் என்று வகைகள். மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டின்படியும் கூடாது. தளத்தை அரசு முடக்கினால் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்து மறுநாள் திறந்துவிடுவார்கள்.

பணம் கட்டும் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். க்யூஆர் கோடு வரும். கூடவே சில நிமிடக் கவுன்ட்டவுன் ஓடும். ஸ்கேன் செய்தால் நிறுவனத்தின் பெயர் வராது. வட இந்தியாவில் எங்கோ ஒரு தனி ஆளின் பெயர், அல்லது ஒரு காய்கறிக் கடையின் பெயர் வரும். அடுத்த முறை கட்டும்போது வேறு பெயர். பணம் போன பிறகு 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) நீங்களே டைப் செய்யச் சொல்வார்கள். முறையான வணிகக் கணக்கு இருந்தால் அந்த எண் தானாகவே அவர்களுக்குப் போயிருக்கும். இல்லாததால்தான் கையால் கேட்கிறார்கள். நீங்கள் ஜெயித்து எடுக்கும் பணமும் இதே மாதிரி யாரோ ஒருவரின் கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கில் வேறொரு மாநிலத்தில் ஏமாற்றிப் பறித்த பணமும் கலந்திருக்கும். அதன் விளைவைக் கடைசியில் பார்ப்போம்.

"போனஸ்" என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கட்டினால் 1,000 போனஸ். ஆனால் மொத்தத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு ஆடிய பிறகே எடுக்கலாம் என்று நிபந்தனை. 97 சதவீதம் திருப்பித் தருவதாகத் தானே சொல்லிக்கொள்ளும் ஆட்டத்தில் 20,000க்கு ஆடினால் சராசரியாக 600 ரூபாய் போகும். நூறு நூறாக 200 சுற்று. ஒரு சுற்று கால் நிமிடம் என்றால் 50 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த 97 உண்மையா என்று சோதிக்க இங்கே எந்த அதிகாரிக்கும் வழியில்லை. எடுக்கப் போகும்போது "கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) நிலுவை", "சந்தேகத்துக்குரிய ஆட்டம்" என்று நிறுத்தினால் முறையிட இடமும் இல்லை. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவு சொல்வதால், ஜெயித்த பணத்தைக் கேட்டு நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ சிவில் வழக்குப் போட முடியாது. ஆனால் வருமான வரி மட்டும் விடாது: ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வெற்றிக்கு 30 சதவீதம். ஆட்டம் சட்டவிரோதம் என்பது வரிக்கு விலக்கு ஆகாது.

தோப்பில் சீட்டு, வாட்ஸ்அப்பில் கஸ்டம் ரூம்

நேரில் ஆடும் சீட்டுக்கு 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். அது இரண்டு விஷயத்தைப் பார்க்கிறது. ஒன்று, இடத்தை நடத்துபவர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பங்கு எடுக்கிறாரா. எடுத்தால் அது சூதாட்ட விடுதி. இரண்டு, பொது இடமா. வெறும் திறமை ஆட்டத்துக்கு 11வது பிரிவில் விலக்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் உறவினர்கள் பங்கு எடுக்காமல் ஆடும் ரம்மியும், ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் ஆள் காவல் வைத்து ஆடும் வெட்டுச் சீட்டும் ஒன்றல்ல. வெட்டுச் சீட்டில் திறமைக்கு இடமே இல்லை.

இளைஞர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது கஸ்டம் ரூமில். ஆளுக்கு 50 ரூபாய் வாங்கி, நூறு பேரைச் சேர்த்து, மொபைல் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் நடத்தி, முதல் மூவருக்குப் பரிசு கொடுத்து, மிச்சத்தை வைத்துக்கொள்வது. "இது இ-ஸ்போர்ட்ஸ்தானே" என்பார்கள். மத்தியச் சட்டத்தில் நுழைவுக் கட்டணத்தோடு அனுமதிக்கப்படும் இ-ஸ்போர்ட்ஸ் என்பது அங்கீகாரமும் பதிவும் பெற்றது. வாட்ஸ்அப் குழுவுக்கு அது கிடையாது. 5,000 ரூபாய் புழங்கும் இந்த விளையாட்டில் குழு அட்மின்தான் "நடத்துபவர்". அந்த மூன்று ஆண்டு, ஒரு கோடி என்பது அவரை நோக்கி நிற்கிறது. கட்டணம் வாங்காமல், ஊர் மன்றம் தன் பணத்தில் பரிசு கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

பணம் போன பிறகு எந்தக் கதவு

முதலில் உங்களுக்கு நடந்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆடித் தோற்றது வேறு, ஏமாற்றப்பட்டது வேறு. போலி லாட்டரி, பணம் எடுக்க விடாத தளம், "பழைய ஆப்பில் உள்ள பாக்கியைத் திருப்பித் தருகிறோம்" என்று ஓடிபி வாங்கியவர்: இவை ஏமாற்று. இவற்றுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவித் தொலைபேசி எண்தான் முதல் கதவு, அதுவும் பணம் போன சில மணி நேரத்துக்குள். யுடிஆர் எண், நேரம், தொகை, போன கணக்கு நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் ஏதாவது மிஞ்சும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்க வேண்டும். நேரில் போவதென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவு. அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தளம் மறுநாள் இருக்காது.

ஆடித் தோற்ற பணத்துக்கு 1930 பயன்படாது. "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று மாற்றிச் சொல்லிப் புகார் கொடுப்பது இன்னும் கெடுதல்: உங்கள் ஓடிபி, உங்கள் போன், உங்கள் பின் எண் என்று பதிவில் தெரிந்துவிடும், பொய்ப் புகார் என்ற கூடுதல் சுமை சேரும். நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது. காசில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; இலவச எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு. மகனோ கணவரோ நகையை அடகு வைத்து ஆடிய வீடுகளில் முதலில் வந்து நிற்பவர்கள் பெண்கள்தான். ஆட்டக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்கி மிரட்டல் வந்தால், அதற்கென்றே 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தப் புகாரை உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். ஆடாமல் இருக்க முடியவில்லை என்பவருக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், 14416 என்ற தொலைபேசி ஆலோசனையும் உண்டு.

இனி, கணக்கு முடங்கிய விஷயம். பெட்டிங் தளத்திலிருந்து ஒரே ஒரு முறை 3,000 ரூபாய் எடுத்த மாணவரின் கணக்கை, எங்கோ ஒரு மாநிலப் போலீஸ் முடக்கச் சொல்லியிருக்கும். ஏடிஎம்மில் அட்டையைப் போட்டபோதுதான் தெரியும். கிளை மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டால் "சைபர் கேஸ்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். எழுத்தில் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, லீன் (குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது) மட்டுமா, முழு டெபிட் ஃப்ரீஸா (கணக்கிலிருந்து எதையும் எடுக்க முடியாதது). சர்ச்சை 3,000க்கு என்றால் அந்தத் தொகைக்கு மட்டும் லீன் வைத்து மீதியை விடச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு, கணக்கு அறிக்கையோடு மின்னஞ்சல் அனுப்புவது முதல் படி; செலவு இல்லாத படியும் அதுதான். அசையவில்லை என்றால் இரண்டு வழி. வழக்கு உள்ள ஊர் மாஜிஸ்திரேட்டிடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 503வது பிரிவில் மனுப் போடலாம். ஆனால் அங்கே வக்கீல் வைக்க வேண்டும். அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. பயணம் குறைவு, வக்கீல் செலவு அதிகம். முடங்கிய தொகை சில ஆயிரம்தான் என்றால் இரண்டுமே கட்டுப்படியாகாது. லீன் தொகையை விட்டுவிட்டு மீதியை மீட்பதோடு நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகலாம். அதே வங்கியில் உள்ள உங்கள் மற்றக் கணக்கும் சேர்ந்து முடங்கக்கூடும். எனவே சம்பளமோ, முதியோர் பென்ஷனோ, 100 நாள் வேலைக் கூலியோ வரும் கணக்கு அதுவாக இருந்தால் வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி ஆதார் இணைப்பை அங்கே மாற்ற வேண்டும். மேற்குக் கடற்கரை மீனவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். நிவாரணம் வரும் கணக்கு முடங்கியிருந்தால் மே மாதத்துக்குள்ளேயே மீன்வளத் துறை அலுவலகத்தில் புதிய கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.